மரியாதைச் சொல்

“‘ஐ வில் வேர்க்’ எண்டு சொல்லாத புள்ள. அது அதிகாரமாக் கதைக்கிற மாதிரி. ‘ஐ மைட் வேர்க்’ எண்டு சொல்லு. அதுதான் மரியாத.”

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலாகாலமாக ஆங்கிலம் படிப்பிக்கிறவன் போலச் சொன்னான் கிளைட்டன்.

“மைட் எண்டா என்ன?” மீன்செதிலைச் சுரண்டியபடியே கேட்டாள் அவன் மனைவி மெரினா.

“கட்டாயம் செய்வன் ஐயா எண்டு பணிவாச் சொல்றது.”

பச்சைப் பொய். அந்தச் சொல்லின் அர்த்தம் கிளைட்டனுக்கு நன்றாகவே தெரியும். நாட்டில் யுத்தம் முடிந்து கற்பிட்டிக் கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய நாளிலிருந்து, டொல்பின் பார்க்க அவர்களைப் படகில் கூட்டிப்போகிறவன் அவன். ‘வரும்’ என்று சொல்லி, டொல்பின் வராவிட்டால் சண்டைக்கு வருவார்கள். ‘வரலாம்’ என்று சொன்னால், வெறுங்கடலைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போவார்கள். அந்த ‘லாம்’தான் மைட். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கிளைட்டனின் தொழிலே அதில்தான் ஓடுகிறது.

அடுத்த வியாழக்கிழமை புத்தளத்தில் மெரினாவுக்கு நேர்முகப் பரீட்சை. டுபாயில் ஒரு ஹோட்டலுக்கு, அறை துப்புரவாக்கப் பத்துப் பெண்கள் வேண்டுமாம். எடுபட்டால் இரண்டு வருடம். இவர்களுக்குக் கல்யாணமாகியே ஒன்றரை வருடம்தான்.

கூரை ஏறாமல் நிற்கும் வீட்டைக் காட்டிக் காட்டி, அவன் மாமியார் கத்தரினாதான் விண்ணப்பம் போடவைத்தாள். “நீங்க என்ன சொல்றீங்க?” என்று மெரினா கேட்டபோது, போகாதே என்று சொல்லத்தான் கிளைட்டன் வாயைத் திறந்தான். வீட்டுக்குக் கூரை போட முடியாதவனுக்கு அந்தச் சொல் வெளியே வரவில்லை. “உன்ட விருப்பம்” என்பதுதான் வந்தது.

ஆகவே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முன்வந்தான்.

“இரவு வேல செய்வியா எண்டு கேப்பாங்க.”

“ஐ மைட் வேர்க்.”

“ரெண்டு வருசமும் நிப்பியா எண்டு கேப்பாங்க.”

“ஐ மைட் ஸ்டே.”

“அப்பிடித்தான். களவு எடுக்காம இருப்பியா எண்டு கேட்டா?”

“அதுக்குமா மைட்?”

“அதுக்குத்தான் முக்கியமா.”

மெரினா ஒரு தரம் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். “எவ்வளவு பொறுமையாச் சொல்லித் தாறீங்க. ஸ்கூல்ல எங்களுக்கு அடிச்செல்லாம் சொல்லித் தந்தாங்க, ஒண்டும் ஏறல்ல.”

கிளைட்டனின் தொண்டையில் முள் சிக்கியது போலிருந்தது. மீன் இன்னும் சட்டியில்கூட ஏறவில்லை.

வியாழக்கிழமை அவனும் கூடப்போனான். பத்துப் பேர் வேண்டிய வேலைக்கு வந்திருந்ததும் சரியாகப் பத்துப் பேர். அப்படியென்றால் எல்லோரையுமே எடுத்துவிடுவார்கள். வாசலுக்கு வெளியே நின்றபடி தலவிலத் தேவாலயத்துப் புனித அன்னம்மாவை நினைத்தான். பாஸாக வேண்டும் என்று கேட்பதா, ஆகக்கூடாது என்று கேட்பதா என்று புரியாமல், “நீங்களே பாத்துச் செய்யுங்க தாயே” என்று விட்டுவிட்டான்.

பதினொரு மணிக்கு மெரினா வெளியே வந்தாள்.

“எடுக்கல்ல.”

“ஏனாம்?”

“தெரியாது. நீங்க சொல்லித் தந்த மாதிரியே எல்லாத்துக்கும் மரியாதையாத்தான் சொன்னன். களவு எடுக்காம இருப்பியா எண்டதுக்கும் சொன்னன். அந்த மனுசன் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு என்னையே பாத்துக்கொண்டு இருந்தான்.”

கிளைட்டனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நொடியே சுட்டது. நம்பிப் படித்தவளைப் பத்துப் பேர் நடுவில் கோமாளியாக்கி நிறுத்திவிட்டான். இனியும் மறைத்தால் மனிதனில்லை.

“மெரினா, உன்னட்ட ஒண்டு சொல்லோணும். நான் உனக்கு...”

“பொறுங்க, பாஸ்போட்ட உள்ள விட்டிட்டு வந்திட்டன்.” அவள் திரும்பி ஓடினாள்.

அவள் போன கையோடு, கறுப்பு ஹபாயா போட்ட ஓர் இளம் பெண், அண்ணனைக் கூப்பிடுவதுபோல ‘நானா’ என்று கூப்பிட்டபடி படியிறங்கி அவனிடம் வந்தாள்.

“நீங்கதானே மெரினா அக்காட மாப்புள? நான் ஸுல்பிகா, ஊரு தில்லையடி. அல்ஹம்துலில்லாஹ், என்னையும் எடுத்திட்டாங்க நானா. அக்காவத் தவிர ஒம்பது பேரையும் எடுத்திட்டாங்க. எல்லாம் அக்கா செஞ்ச உதவி.”

“அவ என்ன செஞ்சா?”

“கூப்பிடுற வரைக்கும் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தாங்க. என்ன கேட்டாலும் ‘வில்’ எண்டு அடிச்சுச் சொல்லுங்க, மறந்தும் ‘மைட்’ எண்டு சொல்லிராதீங்க, அது செஞ்சாலும் செய்வன், செய்யாட்டியும் விடுவன் எண்டு சொல்ற மாதிரி, நான் ஃபோன்ல தேடிப் பாத்தன் எண்டாங்க.”

கிளைட்டன் மதிலைப் பிடித்துக்கொண்டான்.

“பொறகு பாத்தா, உள்ள போய் அவங்களே அதச் சொல்லியிருக்காங்க. ஏன் அக்கா இப்பிடிச் செஞ்சீங்க எண்டு கேட்டன். ‘போகாத எண்டு சொல்ல எங்கட மனுசனுக்கு வாய் வரல்ல, அதுக்குப் பதிலா ஒரு கிழமையா இருந்து படிப்பிச்சாரு, பாவம். நான் பாஸாகினா அவரல்லவா ஃபெயிலாகிருவாரு’ எண்டு சொல்லிச் சிரிக்கிறாங்க நானா.”