கல்லு கிளச்

"இந்த ரெண்டு கியர்பாக்ஸ்ல எதுக்கு கிளச் மிதிக்கக் கஷ்டம், தம்பி?"

நல்ல கேள்விதான் என்று மெக்கானிக் நினைத்தார். கஷ்டமானதைத் தள்ளிவிட்டு லேசானதை எடுத்துக்கொள்வாள் அண்ணி.

"பழசுதான் அண்ணி. இந்த வண்டியோட சொந்த கியர்பாக்ஸ். கிளச் கல்லு மாதிரி இருக்கும். இது வேற வண்டியோடது, புதுசு. பூனை மிதிச்சாக்கூட இறங்கும். இதையே போட்டுடறேன்."

"வேண்டாம். அந்தக் கல்லையே போடுங்க."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பழைய பிக்கப்பை வைத்து மலை மேலே இருக்கிற குவாரிக்கெல்லாம் லோடு அடித்தவர் அண்ணன். கல் இறக்கும்போது இடது காலில் விழுந்து எலும்பு முறிந்தது. மனசு கேட்காமல், கிளச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸாகத் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தவர் இதே மெக்கானிக்தான். இடது காலுக்கு வேலையே இல்லை. 'கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்' என்று தெருவே மெச்சியது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற அதைத்தான் இப்போது கழற்றி எறியச் சொல்கிறாள் இந்த மகராசி! சரி, லேசான கிளச்சையாவது போடலாம் என்றால், அதுவும் வேண்டாமாம்!

"அண்ணி, அண்ணன் ஊன்றுகோல் வச்சு நடக்கிறவரு."

"தெரியும். நான்தானே அவர் பொண்டாட்டி."

"ஏறி உட்கார்ந்து மிதிச்சு, முடியலேன்னு வைங்க. மனுஷன் நொந்துபோயிடுவாரு. அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாரு."

"அதுவும் தெரியும். ஆட்டோமேட்டிக் கெட்டுப்போச்சு, சரி பண்ண முடியாதுன்னு நான் சொல்லிட்டேன். லேசான கிளச்சாத்தான் போட்டிருக்கேன்னு நீங்க சொல்லுங்க. கியர் லிவருக்கு மட்டும் புதுத் தலையா மாட்டிடுங்க, அடையாளம் தெரியக் கூடாது."

ஒன்றுக்கு இரண்டு பொய்! அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பக்கத்தில் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா? "வேண்டாத பொண்டாட்டி கை பட்டாக் குத்தம், கால் பட்டாக் குத்தம்னு கேட்டிருக்கேன். வேண்டாத புருஷனுக்குக் கல்லு கிளச்சா? என்ன கோவமோ, பாவம்!"

"கல்நெஞ்சம்யா," என்றார் மெக்கானிக். ஆனாலும் வண்டி அவர்களுடையது. வாயை அடக்கிக்கொண்டு வேலையை முடித்தார். டெஸ்ட் பண்ண அவர் மிதித்தபோது அவருக்கே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். அண்ணன் கிளச் பெடலைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"தம்பி, என் காலு..."

"லேசானதுதான் அண்ணே. பூனை மிதிச்சாக்கூட இறங்கும்." அண்ணி சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார் மெக்கானிக்.

அண்ணன் ஏறினார். மிதித்தார். கியரைப் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அப்படியே நின்றுவிட்டது.

பெயிண்டர் 'உச்' கொட்டினார். அண்ணி மட்டும் அசையவில்லை. முந்தானை நுனியைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றாள்.

மறுபடி ஸ்டார்ட் ஆயிற்று. வண்டி நகர்ந்தது. தெருக்கோடி மேட்டில் சத்தமே இல்லாமல் கியர் மாறியது. ஆஹா! அந்தக் கை அல்லவா கை! தன் வண்டியே ஜெயித்த மாதிரி மெக்கானிக்குக்கு நெஞ்சு விம்மியது.

"எப்படி அண்ணி?"

"டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு, கால் சரியாயிடுச்சு, நல்லா மிதிச்சு வண்டி ஓட்டலாம்னு. இவருதான் நம்பலை. எப்படி நம்புவாரு? போறவங்க வர்றவங்க எல்லாம் 'பாவம், பாவம்'ங்கிறாங்க. நீங்க பாவம் பார்த்து கிளச்சையே எடுத்துட்டீங்க." தெருக்கோடியைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்களைக் குத்தம் சொல்லலை தம்பி. நானும் ரொம்ப நாளா செருப்புகூட எடுத்துக் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மூலையில் கிடந்த ஆட்டோமேட்டிக் பாக்ஸைப் பார்க்க மெக்கானிக்குக்கே வெட்கமாக இருந்தது.

பிக்கப் திரும்பி வந்தது. ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து, பட்டறைக்குள் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி நுழைந்து நின்றது. கதவை அறைந்து சாத்திவிட்டு, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார் அண்ணன். முகம் சிவந்திருந்தது.

"டேய், என்னடா கிளச் இது? பஞ்சு மாதிரி இருக்கு! என்னை என்ன நோயாளின்னு நினைச்சீங்களா?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். "எல்லாம் உன் வேலைதானே? எனக்குப் பாவம் பார்த்து லேசானதாப் போடச் சொல்லியிருக்கே! அந்தப் பழைய கல்லு கிளச்சை மிதிச்சு மலை ஏறினவன்டி நான்!"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். பெருமை முகத்தில் வழிவதை வேறு எப்படித்தான் மறைப்பாள்?

"தப்புதாங்க," என்றாள். "இனிமே பாவம் பார்க்கமாட்டேன்."