வெள்ளிக்கிழமை புதுசு வருது

“ரொம்பப் பழசாயிடுச்சு. புதுசுக்கு ஒத்துவராது. வெள்ளிக்கிழமையோட அனுப்பிச்சிடலாம்.”

டைரக்டர் சமாத் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். கையெழுத்து வாங்க வந்த உம்சுனை, கதவைத் தட்டப்போன கையை அப்படியே இறக்கிக்கொண்டாள்.

கிர்கிஸ்தானின் ஜலாலாபாத்தில் இந்த வால்நட் ஏற்றுமதிக் கம்பெனியை சமாத்தின் அப்பா தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள் அவள். எந்த மலைக் கிராமத்துப் பருப்பு பூஞ்சை பிடிக்காமல் வரும், இஸ்தான்புல் வியாபாரிக்கு எதைச் சொன்னால் கோபம் வரும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துபடி. அவளைத்தான் அனுப்பப்போகிறார்களா?

கால்கள் தானாகத் தன் மேஜைக்கு நடந்தன. அங்கே மிர்லான் தரையில் உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புது விண்டோஸ் போட ஓஷ் நகரத்திலிருந்து வந்திருப்பவன். அவளுடைய பெட்டியைத் திறந்து, விரல் நீளத் தகடு ஒன்றை உள்ளே அழுத்திச் செருகிவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“அக்கா, உங்க ஃபைலையெல்லாம் சர்வர்ல ஏத்திடுங்க. புதுசு போட்டா பழசு ஒண்ணும் மிஞ்சாது.”

“அப்புறம் பண்றேன்.”

“மத்தவங்க எல்லாம் முடிச்சாச்சு. நீங்க மட்டுந்தான்...”

“அப்புறம்னு சொன்னேன்ல!”

மிர்லான் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான்.

உம்சுனைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கிண்ணத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தது. ஓஷில் மருத்துவம் படிக்கும் மகள் மெய்ரிமுக்கு போன் போட்டாள். மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். மேஜைக்கடியில் கிடந்த தன் செருப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டாள்.

“கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உட்காரேன்டி,” என்றாள் பக்கத்து மேஜை பெரிசாத்.

உம்சுனை கேட்டதைச் சொன்னாள். பெரிசாத் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ரொட்டி புரையேறியது.

“அடிப் பைத்தியமே! கம்ப்யூட்டரைச் சொல்லியிருப்பான். உன் பெட்டி கண்ணு முழிக்கறதுக்குள்ள நான் ஒரு கெட்டில் டீயைக் குடிச்சு முடிச்சிடறேன். இந்த வாரம் ஆபீஸ் பூரா வேற பேச்சு ஏது? போய் நேராக் கேளு.”

உம்சுனை டைரக்டர் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

“பழசை அனுப்பறதா பேசிட்டிருந்தீங்களே, அது நானா?”

சமாத் நிமிர்ந்தான். ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு ஹோவென்று சிரித்தான்.

“என்னக்கா இது! நீங்க இல்லாம இந்தக் கம்பெனி ஓடுமா? உங்க கம்ப்யூட்டரைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை உங்களுக்குப் புதுசு வருது.” எழுந்து, தன் கையாலேயே அவளுக்குத் தேநீர் ஊற்றினான். “ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க. பழசுல எதையும் விட்டுடாதீங்க. உங்க சொந்தக் குறிப்பெல்லாம்கூட ஏத்திடுங்க.”

உம்சுனைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓட்டமாகப் போய் உட்கார்ந்தாள். இருந்ததையெல்லாம் ஏற்றினாள். அதுவும் போதாதென்று, மனசில் மட்டுமே இருந்ததையும் தட்டச்சு செய்து சேர்த்தாள்: இன்ன கிராமத்து ஆளிடம் பேரம் பேசக்கூடாது, ரோஷக்காரர், இன்னார் வீட்டில் கணவரை விட மனைவியிடம் பேசினால்தான் வேலை நடக்கும். சாயங்காலம் வரை தலை நிமிரவில்லை.

மிர்லான் வந்தபோது, கடையிலிருந்து வரவழைத்த, இறைச்சி அடைத்த சம்சாவை அவன் கையில் வைத்தாள்.

“காலையில கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதே. எல்லாத்தையும் ஏத்திட்டேன், ஒண்ணு பாக்கியில்ல. வெள்ளிக்கிழமை இந்தப் பழைய பெட்டியைத் தூக்கிட்டுப் போறப்ப மட்டும் பார்த்துத் தூக்கு. பாவம், என்னோட ரொம்ப நாள் உழைச்சிருக்கு.”

“இதையா? எதுக்குத் தூக்கணும்?” சம்சாவைக் கடித்தபடியே மிர்லான் கேட்டான். “மெமரி சேர்த்துட்டேன், இனிமே குதிரை மாதிரி ஓடும். வெள்ளிக்கிழமையிலேர்ந்து இதுல டைரக்டரோட மச்சினி பேரைப் போடச் சொல்லியிருக்காங்க.”

கைவிரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டே அவன் கேட்டான்:

“உங்களை எந்த ரூமுக்கு மாத்தறாங்கக்கா?”