இருபதாவது ஃப்ரேம்

மழைக்கு முன்பே பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி அனிமேஷன் வகுப்பில் மத்தியான வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. ஸ்டெஃபனியின் திரையில் அவள் தம்பி பிராண்டனின் முகம். புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று வாரமாக அவள் உருவாக்கிய முப்பரிமாண முகம். பிராண்டன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடப்பது இது ஆறாவது நாள். வகுப்பில் இன்றைக்குக் கண் சிமிட்டும் பாடம். முதல் ஃப்ரேமில் திறந்த கண், பத்தாவதில் மூடிய கண் என்று கீ வைத்துக் குறித்துவிட்டு அவள் பிளே பட்டனை அழுத்துகிறாள். இமைகள் மெல்ல இறங்குகின்றன. இறங்கி, அப்படியே நின்றுவிடுகின்றன. ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் கடக்கிறது, மேசை அதிர்கிறது, அந்தக் கண்கள் மட்டும் அசையவில்லை. பாடம் நடத்தும் தனேஷ் பின்னாலிருந்து குனிந்து பார்த்துச் சிரிக்கிறான். "கடைசி கீ போடலக்கா. எல்லாரும் பண்ற தப்புதான். நீங்கதான் தொறக்கணும், அதுவா தொறக்காதுலா." ஆஸ்பத்திரியிலிருந்து எந்நேரமும் அழைப்பு வரலாம் என்று அவள் கவிழ்த்து வைத்த போன் அதிரத் தொடங்குகிறது. "அக்கா, போன்," என்கிறான் தனேஷ். "இரு தம்பி, எடுக்கறேன்." அவள் எடுக்கவில்லை. இருபதாவது ஃப்ரேமுக்குப் போய் இமைகளை மேலே இழுக்கிறாள். இடது இமை நழுவுகிறது. போன் நின்று, மறுபடி அதிர்கிறது. மறுபடி இழுக்கிறாள். கீ விழுகிறது. பிளே. இமைகள் இறங்குகின்றன, பிறகு விலகுகின்றன. பிராண்டன் அவளை நேராகப் பார்க்கிறான். போன் அடங்கிவிட்டது. அதைத் திருப்பிப் பார்க்க அவள் கை எழவில்லை.