ஆன்டெனா திருப்பும் வேலை

ஈஸ்வரபாண்டி கூடத்தில் உட்கார்ந்தபடியே குமிழைத் திருகினார். மொட்டை மாடியில் ஆன்டெனா திரும்பியது. டிவியில் புள்ளிகள் விலகி முகம் தெரிந்தது.

"இனிமே நீ மாடி ஏற வேணாம்" என்றார் மனைவியிடம்.

மாரீஸ்வரி மாடிப்படியைப் பார்த்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

கம்பம் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை அவருக்கு. கேபிளுக்குக் காசு கொடுப்பது கௌரவக் குறைச்சல். கொடைக்கானல் பக்கம் திருப்பினால் தமிழ் வரும், மேற்கே திருப்பினால் மலையாளம். சாயங்காலமானால் மாரீஸ்வரிதான் ஏறிப்போய்க் குழாயைப் பிடித்துத் திருப்புவாள். இவர் கீழேயிருந்து கத்துவார். சில நாள் படம் தெளிந்த பிறகும் அவள் இறங்கி வர நேரமாகும்.

பாவம், கஷ்டப்படுகிறாள் என்றுதான் மதுரையிலிருந்து சர்வோ மோட்டார் வாங்கி வந்தார். குமிழை எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவுதான் திரும்பும். நிறுத்திய இடத்தில் நிற்கும்.

அந்த வாரமே அது அசையாமல் போனது.

"நான் போய்த் திருப்பிட்டு வரட்டா?" மாரீஸ்வரி அதற்குள் படியில் கால் வைத்திருந்தாள்.

அவளை இருக்கச் சொல்லிவிட்டு அவரே ஏறினார்.

மோட்டாருக்குப் போகும் வயர் அறுந்து கிடந்தது. எலி கடித்திருந்தால் பிசிறு இருக்கும். இது கத்தரியால் நறுக்கியது.

கையில் வயரோடு நிமிர்ந்தார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம், அடுத்த மாடியில், அப்துல் சமதுவின் மனைவி மதீனா நின்றிருந்தாள். கையில் தட்டு போட்டு மூடிய கிண்ணம்.

சாக்கடைத் தகராறுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அந்த வீட்டு வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று மாரீஸ்வரிக்கு உத்தரவு போட்டவர் அவர்தான்.

மதீனா கிண்ணத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் படம் தெரியலண்ணே. அதான் ஆன்டெனாவத் திருப்பலாம்னு வந்தேன்."

ஈஸ்வரபாண்டி அவளுடைய மாடியை ஒரு சுற்றுப் பார்த்தார். காய்கிற துணிகள் இருந்தன. ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆன்டெனா இல்லை.

வயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மோட்டாரு எரிஞ்சு போச்சு" என்று கீழே பார்த்துக் கத்தினார். "நீயே வந்து திருப்பு."