றிஸ்லா கண்ட பிறை

"மேகம் மறைச்சிட்டா, பிறை இல்லையெண்டா டீச்சர் அர்த்தம்?" என்று கேட்டான் சப்ரி.

சாய்ந்தமருதில் அன்று இருபத்தொன்பதாவது நோன்பு. நோன்பு திறந்த கையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சப்ரியும் றிஸ்லாவும் விஞ்ஞான ஆசிரியை முஸ்பிறாவின் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார்கள். பிறை தெரிந்தால் நாளை பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. மேற்கே வயல் பக்கத்து வானமோ ஒரே மேகம்.

"காணாததெல்லாம் இல்லையெண்டு ஆகாது," என்றாள் முஸ்பிறா. "அமெரிக்காவில வேரா ரூபின் எண்டு ஒரு பொம்புள. நட்சத்திரக் கூட்டத்தில, ஓரத்தில இருக்கிறதெல்லாம் எவ்வளவு வேகமாச் சுத்துதெண்டு அளந்தா. அந்த வேகத்துக்கு அதெல்லாம் சிதறிப் போயிருக்கணும். போகல்ல. அப்ப, கண்ணுக்குத் தெரியாத என்னவோ ஒண்டு இழுத்துப் புடிச்சிருக்கு. அதுதான் கரும்பொருள்."

"அத ஆரும் கண்டதா?" என்றாள் றிஸ்லா. பத்து வயது. இரண்டு நாளாக அவளுக்கு ஒரே பேச்சுத்தான்: நாளைக்கே பெருநாள் வரவேண்டும். உம்மாவும் அவசரப்பட்டு நேற்றே அவள் கையில் மருதோண்டி வைத்துவிட்டிருந்தாள்.

"இண்டைக்கு வரைக்கும் இல்ல. கணக்குத்தான் சொல்லுது."

"அவ சொன்னத நம்பினாங்களா?"

"உடனே நம்பல்ல. அவ விடல்ல."

றிஸ்லா மேற்குச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"அந்தா பிறை."

"எங்க? ஒண்டையும் காணல்ல," என்றான் சப்ரி.

முஸ்பிறாவுக்கும் தெரியவில்லை. ஆனாலும் வகுப்பில் கீழே கிடந்த அழிறப்பரைக்கூட உரியவரிடம் கொடுத்துவிடும் பிள்ளை றிஸ்லா. முஸ்பிறா உடனே பிறைக்குழுவில் இருந்த தன் அண்ணன் றஸாக் காக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"வேற ஆரும் காணல்ல தங்கச்சி. சின்னப் புள்ளட சாட்சிய எடுக்க ஏலா."

"அது பொய் சொல்லாத புள்ள காக்கா. இன்னொருக்காக் கேட்டுப் பாருங்க."

முஸ்பிறா மல்லுக்கட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது: பிறை தென்படவில்லை, நாளையும் நோன்பு.

றிஸ்லா மாடிச் சுவரில் முகத்தைப் புதைத்து அழுதாள். முஸ்பிறா அவளை அணைத்துக்கொண்டாள்.

"ஆரு நம்பாட்டியும் நான் நம்புறன் புள்ள. பெருநாள் நாளைக்கழிச்சி வரும். ஒரு நாளில என்ன கெட்டுப் போகும்?"

"நான் ஒண்டையும் காணல்ல டீச்சர்," என்றாள் றிஸ்லா தேம்பலுக்கு நடுவே. "நாளைக்கு ராவைக்கு உம்மா சவூதிக்கு வேலைக்குப் போறா."