கறி சுட்டவருக்கு ஒரு கைதட்டல்

தப்பு என்னுடையதுதான். கைத்துண்டைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைக்கிற பியூனஸ் அயர்ஸின் உயர்தர இறைச்சி உணவகம் அது. முதல் துண்டை விழுங்கியதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கொல்லையில் இருக்கும் நினைப்பில் எழுந்து நின்று கத்திவிட்டேன்:

"கறி சுட்டவருக்கு ஒரு கைதட்டல்!"

ஞாயிறுதோறும் வீட்டில் நான் கறி சுட்டுப் பரிமாறியதும் யாராவது இப்படிக் கத்துவார்கள், அத்தனை பேரும் தட்டுவார்கள்; எங்கள் ஊர் வழக்கம் அது. இங்கே என் கைதட்டல் மட்டும்தான் கேட்டது.

"உக்காரு ஒஸ்வால்டோ, மானம் போகுது," என்றாள் நெலிடா.

"பஞ்சு மாதிரி இருக்கு கிழவி. நான் சுடுறதும் இப்படித்தானே இருக்கும்?"

"ஆறிடப்போகுது, சாப்பிடு."

கல்யாணமானதிலிருந்து ஞாயிறு தவறாமல் இதே கேள்வி, இதே பதில். நேரான பதில் கேட்காமலே செத்துப்போவேனோ என்று எனக்குப் பயம்.

அதற்குள் சர்வர் மெழுகுவர்த்தி செருகிய கேக்கோடு ஓடி வந்தார். "கல்யாண நாளா சார்? அந்தச் சந்தோஷத்துலதானே கத்துனீங்க?"

"இல்லப்பா," என்றாள் நெலிடா. "காலையில எங்களுக்கு விவாகரத்து ஆச்சு. சண்டையில்லாம முடிஞ்சதேன்னு சாப்பிட வந்தோம்."

சர்வர் கேக்கை வைப்பதா, எடுத்துப்போவதா என்று விழித்தார். நானே மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன்.

"இனிமே நீ என் பொண்டாட்டி இல்ல. தைரியமாச் சொல்லு நெலிடா. என் கறி எப்படி?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"செருப்புத் தோல். ஒரு ஞாயிறுகூட நல்லா இல்ல. புகையில கண்ணு கலங்கி, என் கையையே பாத்துக்கிட்டு நிப்பியே, அதுக்காகத்தான் முதல் ஆளாத் தட்டினேன்."