ஜோன்சனுக்கு வைத்த வைன்

"அன்ரிக்கு நீங்களே சொல்லுங்கோ அங்கிள். அவவின்ரை முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னாலை ஏலாது."

டேமியன் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை. லா சப்பல் தேநீர்க் கடையில் நிற்க இடமில்லை. அத்தனை சனத்துக்கு நடுவில் யேசுரட்ணம் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டேமியன் முல்லைத்தீவுப் பொடியன். போன மாதம்தான் நாடு நாடாகச் சுற்றி பாரிஸ் வந்து சேர்ந்து, ஸ்தேனில் தமையன் வீட்டில் இருக்கிறான். கடைசிச் சண்டையில் யேசுரட்ணத்தின் ஒரே மகன் ஜோன்சனோடு ஒரே பங்கருக்குள் கிடந்தவன். ஷெல் விழுந்ததையும், பக்கத்திலேயே மண்ணைத் தோண்டித் தானே அவனைப் புதைத்ததையும் சொன்னான். மகனின் இடது புருவத்துத் தழும்பைக்கூடச் சரியாகச் சொல்லிவிட்டான். இனி எதைச் சொல்லி மறுப்பது?

இத்தனை வருஷமாக மறுத்தே வந்தவர் யேசுரட்ணம். பிள்ளை காணாமல் போனவன்தான், செத்தவனில்லை என்று யாரோடும் சண்டைக்கு நிற்பார். கோயிலில் ஜோன்சன் பேருக்குப் பூசை கொடுப்பதென்றால் சுகத்துக்கான பூசைதான். ஆத்தும சாந்திப் பூசை ஒன்று வைத்து மனசை ஆற்றிக்கொள்ளச் சொன்ன சொந்தத் தம்பியோடு அன்றைக்கே பேச்சை விட்டவர்.

வீட்டுக்கு, லா கூர்னெவ் போகும் ரயிலில் அவருக்கு மகனை நினைத்து அழக்கூட முடியவில்லை. மனைவி மேரிறோஸை நினைத்துத்தான் பயம். செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையைக் கொண்டு வந்து சேர்த்துவிடு என்று மன்றாடுகிறவள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் எழும்பி நடமாடுகிறாள். இதைச் சொன்னால் நின்ற இடத்திலேயே அவள் உயிர் போய்விடும். பாழாய்ப்போன இந்த வாயால் அதை எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அலுமாரிக்குள் இருக்கும் வைன் ஞாபகம் வந்தது.

யேசுரட்ணம் இத்தாலியன் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் சமையல்காரர். மேரிறோஸுக்கு விசா கிடைத்து வந்தபோது, பதினெட்டைத் தாண்டிவிட்டான் என்று மகனுக்குக் கொடுக்கவில்லை. ஏஜென்சி பிடித்து அவனையும் எடுக்கப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னபோது, அந்த மனிதர் கட்டிப்பிடித்து ஒரு போத்தல் பறோலோ கொடுத்தார். அவருடைய மாமனார் வீட்டுத் தோட்டத்து வைன். மலைச்சரிவில் அண்ணன், தம்பி, மருமக்கள் என்று குடும்பமே திராட்சை பறித்து, தாங்களே செய்து மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடத்துவது.

மகன் வர எத்தனை காலம் போனாலும் பரவாயில்லை என்றார் முதலாளி. இப்போதே குடித்தால் நாக்கைப் பிடிக்கும். பொறுத்திருந்தால் பட்டு மாதிரி இறங்கும், ரோசாப்பூ வாசம் வரும், இருபது முப்பது வருஷம் தாங்கும். காத்திருக்கக் காத்திருக்க நன்றாகிற சாமான் உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே என்று யேசுரட்ணம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் படாமல் தான் உடுத்த பழைய சாரத்தில் சுற்றிப் படுக்க வைத்தவர், ஒரு நாளும் அதை அவிழ்த்துப் பார்த்ததில்லை. பிள்ளை வரும் நாளில்தான் திறப்பது என்று அவரும் மேரிறோஸுமாகப் பேசி வைத்தது.

அதை இன்றைக்குத் திறந்தால் மேரிறோஸே விளங்கிக்கொள்வாள். வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. நெஞ்சில் ஒப்பிரேசன் செய்த மனிதர், நின்று நின்று படியேறினார். மேரிறோஸ் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். முகம் ஏன் ஒருமாதிரி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவர் நேரே அறைக்குள் போய்ச் சாரப் பொட்டலத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்? அதைத் தொடாதேங்கோ."

"இண்டைக்குத் திறப்பம் மேரி. கிளாஸ் எடும்."

"பிள்ளை வராமல் எப்பிடித் திறக்கிறது? கொண்டுபோய் வையுங்கோ." அவள் பொட்டலத்தைப் பறிக்கப் பார்த்தாள். விளங்கிவிட்டது, பாவி மகளுக்கு விளங்கிவிட்டது என்று அவர் நெஞ்சு வெடித்தது. சாரத்தை அவிழ்த்தார்.

உள்ளே பறோலோ இல்லை. மூலைக் கடையில் யாரும் வாங்கும் மலிவு வைன் போத்தல் ஒன்று கிடந்தது.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பிள்ளையும் இல்லை, பிள்ளைக்கென்று வைத்ததும் இல்லை. இத்தனை வருஷமும் எதைக் காத்துக்கொண்டு கிடந்தோம் என்று நினைத்ததும் கதிரையில் விழுந்தார். அடக்கி வைத்தது எல்லாம் கொட்டிவிட்டது.

"மேரி, எங்கடை பிள்ளை இல்லை. மண்ணுக்கை தாட்டவனே வந்து சொல்லிப்போட்டான்."

அவள் அலறவில்லை. விழுந்து புரளவும் இல்லை. அவர் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுமப்பா. நீங்கள் ஒப்பிரேசன் செய்து ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையே, பக்கத்துப் பங்கரிலை இருந்த ஜெகதீஸ்வரியக்கா கனடாவிலை இருந்து போன் எடுத்துச் சொன்னவ. உங்களுக்குச் சொன்னால் நீங்களும் போயிடுவியள் எண்டு பயந்து, அந்த வைனைப் பூசையிலை பாவிக்கச் சொல்லிப் பாதரிட்டைக் குடுத்து, அதாலையே பிள்ளைக்கு ஆத்தும சாந்திப் பூசை வைச்சனான்."